பிஎஸ்பி மெமரி ஸ்டிக் எடுக்கலையா? ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

பீரோவுல தூங்கிட்டு இருந்த பிஎஸ்பியை (சோனியோட பழைய கையில புடிச்சு ஆடுற கேம் செட்டு) எடுத்து சார்ஜ் போட்டு ஆன் பண்ணா செட்டு சூப்பரா வருது, ஸ்கிரீன்ல ஒரு கோடு கூட இல்ல, யூஎம்டின்னு சொல்ற கேம் டிஸ்க் போட்டா ஓடுது, ஆனா சேவ், போட்டோ எல்லாம் போடுற கார்டு, அந்த மெமரி ஸ்டிக்கை மட்டும் எடுக்க மாட்டேங்குது. எங்கிட்ட வர்ற பழைய பிஎஸ்பில பாதிக்கு மேல இந்த கம்ப்ளைன்ட் தான். நான் கடை வச்சிருக்கிற ஆள் கிடையாது, சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், அவங்களோட ஃப்ரெண்ட்ஸ்னு வந்து குடுக்கிற செட்டுங்களை ராத்திரி உக்காந்து பாத்துக் குடுப்பேன், அதுல கத்துக்கிட்டதை தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இதை மட்டும் படிச்சாலும் போதும். தயவு செஞ்சு எடுத்த உடனே ஃபார்மட் பண்ணாதீங்க. போன வருஷம் சித்தி பையன் அவனோட செட்டைக் கொண்டு வந்தான், கார்டு எடுக்கலன்னு அவனே செட்டிங்ஸ்ல போய் ஃபார்மட் மெமரி ஸ்டிக் குடுத்துட்டான், ஃபார்மட்டும் ஆயிடுச்சு, ஆனா மறுபடி மறுபடி அதே எரர். நான் ஸ்லாட்டைப் பாத்தா உள்ள ஒரு பின்ல பஞ்சு மாதிரி தூசி சுத்திக்கிட்டு இருக்கு, அதை எடுத்ததும் சரியாயிடுச்சு. அவ்ளோ தான் பிரச்சனையே. "அண்ணா, அதுல நான் எட்டாவது படிக்கும்போது போட்ட சேவ் எல்லாம் இருந்துச்சுண்ணா"ன்னு அவன் சொன்னப்போ எனக்கு பதில் சொல்ல வாய் வரல. கேமை திரும்ப எங்கயாவது வாங்கிக்கலாம், ஆட்டம் எது வரைக்கும் போச்சுன்னு வச்சிருக்கிற அந்த சேவ் ஃபைல் உலகத்துலயே அந்த ஒரு கார்டுல தான் இருந்துச்சு. ரெகவரி சாஃப்ட்வேர் போட்டு கொஞ்சம் எடுத்தோம், எல்லாம் வரல.

முதல்ல யாரு மேல தப்புன்னு பிரிங்க

மெமரி ஸ்டிக் எடுக்கலன்னா தப்பு அஞ்சு இடத்துல இருக்கலாம்: கார்டு, அடாப்டர், ஸ்லாட்டோட பின், கார்டுக்குள்ள இருக்கிற ஃபைல் சிஸ்டம் (ஃபைலை அடுக்கி வைக்கிற முறை), ஸ்லாட் உக்காந்திருக்கிற போர்டு. இதைப் பிரிக்காம ஒவ்வொண்ணா மாத்திட்டே போனா காசும் போகும் கார்டும் போகும்.

பிரிக்கிறது ஈஸி தான். உங்க கார்டை வேற ஒரு பிஎஸ்பில போடுங்க, இல்லன்னா மெமரி ஸ்டிக் டுவோ எடுக்கிற பழைய ஆல் இன் ஒன் கார்டு ரீடர்ல போட்டு கம்ப்யூட்டர்ல பாருங்க. அப்புறம் நல்லா ஓடுதுன்னு உறுதியா தெரிஞ்ச வேற ஒருத்தர் கார்டை வாங்கி உங்க செட்ல போடுங்க. ரெண்டு பக்கமும் பாக்கணும், ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணக் கூடாது. உங்க கார்டு வேற செட்ல ஓடி, அவங்க கார்டு உங்க செட்ல ஓடலன்னா தப்பு உங்க செட்ல. உங்க கார்டு எங்க போட்டாலும் ஓடலன்னா செட்டைத் திறக்கவே வேண்டாம்.

இங்க நிறைய பேர் ஏமாறுற ஒரு விஷயம் இருக்கு. இப்போ பாதிப் பேர் கிட்ட ஒரிஜினல் மெமரி ஸ்டிக் கிடையாது, மைக்ரோ எஸ்டி போடுற அடாப்டர் தான் இருக்கு. அந்த மைக்ரோ எஸ்டியை எடுத்து போன்ல போட்டுப் பாத்துட்டு "கார்டு நல்லா இருக்கு, அப்போ ஸ்லாட் தான் போச்சு"ன்னு முடிவு பண்ணிடறாங்க. அந்த அடாப்டர் சும்மா கம்பியை நீட்டிக் குடுக்கிற பிளாஸ்டிக் இல்லங்க. எஸ்டி கார்டு பேசுற பாஷை வேற, மெமரி ஸ்டிக் பேசுற பாஷை வேற, நடுவுல மொழிபெயர்க்கிறதுக்கு அடாப்டருக்குள்ள ஒரு சின்ன கன்ட்ரோலர் சிப் இருக்கு. அந்த சிப் போனாலும் போன்ல கார்டு ஜோரா ஓடும், பிஎஸ்பில மட்டும் வராது. அதனால அடாப்டரை தனி சந்தேக லிஸ்ட்ல வைங்க.

இன்னொண்ணு, பிஎஸ்பிகோ வச்சிருக்கிறவங்களுக்கு இது பொருந்தாது, அதுல உள்ளயே 16 ஜிபி இருக்கு, கார்டு எம்2ன்னு வேற சைஸ். நான் சொல்றது 1000, 2000, 3000, அப்புறம் ஸ்ட்ரீட்னு வந்த இ1000, இந்த நாலுக்கும்.

கார்டு போட்டாலும் போடாத மாதிரியே இருக்கு

கார்டை உள்ள தள்ளும்போது செட்டோட ஆரஞ்சு லைட்டைப் பாருங்க. மெமரி ஸ்டிக்கைப் படிக்கும்போதும் எழுதும்போதும் மினுக்குற லைட் அது. மெனுவுல நின்னுக்கிட்டு கார்டைப் போட்டா அது கொஞ்சம் மினுக்கணும். மினுக்கவே இல்லன்னா ஒரு வழி, மினுக்கிட்டு அப்புறம் எரர் வந்தா வேற வழி. இந்த ஒரு லைட் பாதி வேலையை முடிச்சுக் குடுத்துடும்.

ஏன்னு சொல்றேன். மெமரி ஸ்டிக் டுவோவுக்கு பின்னாடி 10 கான்டாக்ட் இருக்கு. ரெண்டு ஓரமும் கிரவுண்டு, ஒண்ணு பவர், ஒண்ணு க்ளாக், ஒண்ணு பஸ் ஸ்டேட், நாலு டேட்டா, பாக்கி ஒண்ணு கார்டு உள்ள வந்துச்சான்னு செட்டுக்கு சொல்றதுக்குன்னே இருக்கிற பின், வரிசையில ஆறாவது. அந்த ஆறாவது பின் தொடலன்னா மத்த ஒம்போதும் பக்காவா தொட்டாலும் செட்டைப் பொறுத்தவரைக்கும் கார்டே போடல, லைட் மினுக்காது, மெமரி ஸ்டிக் போடலன்னு தான் சொல்லும். அதே ஆறாவது பின் நல்லா தொட்டு ஒரு டேட்டா பின் மட்டும் தொடலன்னா கார்டு வந்திருக்குன்னு தெரியும், படிக்கப் போவும், தடுக்கி விழும், அப்போ தான் படிக்க முடியல, கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் பண்ணுன்னு வித விதமா மெசேஜ் வரும். ரெண்டுமே பின்ல தான் பிரச்சனை, ஆனா வெளிய தெரியுற விதம் வேற வேற.

சரி, லைட் மினுக்கல. செட்டை ஆஃப் பண்ணுங்க, தூங்க வைக்கிறது இல்ல, முழுசா ஆஃப், பவர் சுவிட்சை மேல தள்ளி மூணு நாலு செகண்ட் புடிக்கணும். பேட்டரி கழட்ட வர்ற மாடல்னா அதையும் கழட்டிடுங்க. கார்டை எடுத்துட்டு மூடியைத் திறந்து போன் டார்ச்சை சாய்வா அடிச்சு உள்ள பாருங்க. நேரா அடிச்சா பளபளன்னு தெரியும், ஒண்ணும் புரியாது, சாய்வா அடிச்சா தான் ஒவ்வொரு பின்னோட நிழலும் தெரியும். பத்து குட்டி ஸ்பிரிங் ஒரே வரிசையில ஒரே உயரத்துல நிக்கணும். சித்தி பையன் செட்ல ஒரு பின் மட்டும் மங்கலா தெரிஞ்சுது, உத்துப் பாத்தா பேன்ட் பாக்கெட்ல இருக்குமே சாம்பல் கலர் பஞ்சு, அது ஒரு இழை அந்த ஸ்பிரிங்கை சுத்தி மோதிரம் மாதிரி நின்னுது. வருஷக்கணக்குல கார்டை உள்ள தள்ள தள்ள அதுவும் உள்ள போய் அழுந்தி உக்காந்திருக்கு.

சுத்தம் பண்றதுக்கு 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போதும், மொபைல் சர்வீஸ் கடைங்களுக்கு சாமான் விக்கிற இடத்துல ஐபிஏன்னு கேட்டா குடுப்பாங்க. மெல்லிசான முடி உள்ள பிரஷ்ஷை அதுல நனைச்சு, உதறிட்டு, பின் எந்தப் பக்கம் நீளமா போகுதோ அந்தப் பக்கமாவே இழுங்க. குறுக்க தேய்க்காதீங்க, குறுக்க தேய்ச்சா பின் பக்கத்து பின் மேல போய் சாஞ்சுக்கும். ஊசி, குண்டூசி, பிளேடு எதுவும் உள்ள விடாதீங்க. பின் மேல இருக்கிற தங்க முலாம் ரொம்ப மெல்லிசு, ஒரு கீறல் விழுந்தாப் போதும், அடியில இருக்கிற உலோகம் காத்துப்பட்டு கறுக்க ஆரம்பிச்சுடும், இன்னைக்கு சரியாகி மூணு மாசம் கழிச்சு திரும்ப வந்து நிப்பீங்க. வாயால ஊதுறதும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ள போகும். அரை மணி நேரம் காய விட்டுட்டு அப்புறம் பேட்டரி போடுங்க.

கார்டு பக்கத்துல இருக்கிற தங்கக் கலர் பட்டைங்களுக்கு பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பர் எடுத்து லேசா தேய்ச்சு, ரப்பர் தூளை ஆல்கஹால் துணியால துடைச்சிடுங்க. கறுப்பா புடிச்சிருக்கிறது போயிடும். ரப்பர் கார்டுக்கு மட்டும் தான், ஸ்லாட்டுக்குள்ள விடாதீங்க, தூள் உள்ள மாட்டிக்கும்.

ஆட்டினா வருது, கையை விட்டா போகுது

இது லூஸ் கான்டாக்ட், ஆனா எந்த இடத்துல லூஸ்னு பாக்கணும். மைக்ரோ எஸ்டி அடாப்டர் போட்டிருந்தா முதல் சந்தேகம் அடாப்டருக்குள்ள மைக்ரோ எஸ்டி ஆடுதான்னு. அடாப்டரை காது பக்கத்துல வச்சு ஆட்டுங்க, கடகடன்னு சத்தம் வந்தா அதான். ஒரு சின்ன துண்டு ஸ்காட்ச் டேப்பை மைக்ரோ எஸ்டியோட முதுகுல, அதாவது பட்டை இல்லாத பக்கம், ஒட்டிட்டு திரும்ப சொருகுங்க, ஒரு லேயர் போதும். நிறைய செட்டு இந்த ஒரு டேப்லயே நின்னுடும்.

அடாப்டரே ஸ்லாட்டுக்குள்ள லொட லொடன்னு இருந்தா கொஞ்சம் யோசிக்கணும். மெமரி ஸ்டிக் டுவோவோட தடிமன் 1.6 மில்லிமீட்டர், ஸ்லாட்டு ஸ்பிரிங் எல்லாம் அந்தக் கணக்குக்கு தான் அழுத்தம் குடுக்கும். விலை கம்மியான சில அடாப்டருங்க கொஞ்சம் மெல்லிசா இருக்கு, அதுல பின் தொடும் ஆனா அழுத்தி தொடாது, கேம்ல வேகமா பட்டன் அழுத்தும்போது செட்டு ஆடுற ஆட்டத்துல விட்டுடும். அதுக்கும் டேப் வைத்தியம் தான், அடாப்டர்ல கான்டாக்ட் இல்லாத பக்கம் ஒரே ஒரு லேயர். ரெண்டு லேயர் போட்டு தடிமன் ஆக்கி அழுத்தி சொருகினீங்கன்னா ஸ்லாட்டே வாய் பிளந்துக்கும், அப்புறம் ஒரிஜினல் கார்டு போட்டாலும் லூஸா தான் இருக்கும்.

ஒரிஜினல் கார்டுக்கே ஆட்டினா வருதுன்னா, கார்டைத் தொடாம செட்டோட இடது ஓரத்தை மட்டும் லேசா ரெண்டு விரலால அமுக்கிப் பாருங்க. அமுக்கும்போது வந்து விட்டதும் போனா ஸ்லாட்டு போர்டுல ட்ரை சோல்டர் (ஈயம் வெடிச்சு விட்டுப் போறது), இல்லன்னா அந்த போர்டை மெயின் போர்டோட சேக்கிற ஸ்ட்ரிப் சரியா உக்காரல. அதைக் கடைசியில சொல்றேன்.

லைட் மினுக்குது, ஆனா படிக்க முடியலன்னு வருது, ஃபார்மட் கேக்குது

பின் எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு, வேற கார்டு இதே செட்ல ஓடுதுன்னா இப்போ கார்டுக்குள்ள பாக்கணும். பிஎஸ்பிக்கு ஃபேட்16, ஃபேட்32 ரெண்டும் தான் தெரியும். எக்ஸ்ஃபேட் தெரியாது. ஒரிஜினல் மெமரி ஸ்டிக் புரோ டுவோ 32 ஜிபியோட நின்னுடுச்சு, அதனால அப்போ இந்தப் பிரச்சனை யாருக்கும் வரல. இப்போ 64, 128 ஜிபி மைக்ரோ எஸ்டியை அடாப்டர்ல போடுறோம், அதுங்க பாக்கெட்டைப் பிரிக்கும்போதே எக்ஸ்ஃபேட்ல தான் வரும், போன்ல போட்டு ஃபார்மட் பண்ணாலும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் தான் ஆகும். இதை பிஎஸ்பில போட்டா கார்டு செத்துப் போன மாதிரியே காட்டும். புது கார்டா இருந்து உள்ள ஒண்ணும் இல்லன்னா கம்ப்யூட்டர்ல ஃபேட்32 ஆக்கிட்டு போடுங்க. விண்டோஸ்ல ரைட் க்ளிக் பண்ணி வர்ற ஃபார்மட்ல 32 ஜிபிக்கு மேல ஃபேட்32 ஆப்ஷனே காட்டாது, ஜியூஐஃபார்மட்னு ஒரு சின்ன டூல் இருக்கு, அது பண்ணும். கடைசியா ஒரு தடவை பிஎஸ்பியிலயே ஃபார்மட் குடுத்தா அதுக்கு வேணுங்கிற ஃபோல்டரை அதுவே போட்டுக்கும்.

ஆனா கார்டுக்குள்ள பழைய டேட்டா இருந்தா இதெல்லாம் பண்ணக் கூடாது. கார்டை ரீடர்ல போட்டு கம்ப்யூட்டர்ல திறங்க. விண்டோஸ் உடனே ஸ்கேன் பண்ணி சரி பண்ணட்டுமான்னு கேக்கும், வேண்டாம்னு சொல்லிடுங்க. அது சரி பண்றேன்னு சொல்லி உடைஞ்ச துண்டுங்களை எல்லாம் எடுத்து ஃபவுண்ட்.000ன்னு ஒரு ஃபோல்டர்ல பேர் தெரியாத ஃபைலா கொட்டிடும், எது எந்த சேவ்னு அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது. முதல்ல பிஎஸ்பிங்கிற ஃபோல்டருக்குள்ள சேவ்டேட்டான்னு இருக்கும், அதை மொத்தமா காப்பி பண்ணுங்க. உள்ள யூஎல்யூஎஸ், யூசிஇஎஸ், யூஎல்ஜேஎம்னு ஆரம்பிச்சு நம்பரோட ஃபோல்டர் ஃபோல்டரா இருக்கும், ஒரு ஃபோல்டர் ஒரு கேமோட சேவ், அதுல இருக்கிற ஒரு ஃபைல் கூட விடாம ஃபோல்டரோட எடுக்கணும். பிக்சர், மியூசிக், வீடியோ ஃபோல்டரும் பாத்து எடுங்க, நிறைய பேர் அந்தக் காலத்து குடும்பப் போட்டோ அதுல போட்டு வச்சு மறந்திருப்பாங்க.

ஃபோல்டரே திறக்கல, கார்டு மட்டும் டிரைவா தெரியுதுன்னா, கார்டை முழுசா அப்படியே ஒரு இமேஜ் ஃபைலா எடுத்துக்கோங்க, லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூ இதுக்குன்னே இருக்கு. அந்த இமேஜ் மேல டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் மாதிரி ரெகவரி சாஃப்ட்வேர் எல்லாம் ஓட்டுங்க, கார்டு மேல ஓட்டாதீங்க. சாகப் போற கார்டு எத்தனை தடவை படிக்க விடும்னு சொல்ல முடியாது, முதல் தடவை படிக்கும்போதே மொத்தத்தையும் வாங்கிக்கணும்.

சில கேம் மட்டும் கரப்டட் டேட்டான்னு காட்டுது

போட்டோ தெரியுது, பாட்டு ஓடுது, சேவ் எல்லாம் சரி, கேம் லிஸ்ட்ல சிலது மட்டும் கரப்டட் டேட்டான்னு இருந்தா ஸ்லாட்டைத் தொடாதீங்க, ஸ்லாட் நல்லா தான் இருக்கு. ஹோம்ப்ரூ, அதாவது சோனி இல்லாம வெளி ஆளுங்க எழுதின புரோகிராம் போட்டிருந்தீங்கன்னா, அதை ஓட விடுற கஸ்டம் ஃபர்ம்வேர் (மாத்தி எழுதின சிஸ்டம் சாஃப்ட்வேர்) ஓடாத நேரத்துல அது எல்லாமே இப்படி தான் காட்டும். சில கஸ்டம் ஃபர்ம்வேர் பேட்டரி கழட்டி முழுசா ஆஃப் ஆனா போயிடும், திரும்ப ஓட்டி விடணும். வருஷக்கணக்குல பீரோவுல கெடந்த செட்ல இது தான் நடந்திருக்கும். இதை கார்டு கம்ப்ளைன்ட்னு நெனச்சு ஃபார்மட் பண்ணவங்களை நானே பாத்திருக்கேன்.

சேவ் ஆகுது, அப்புறம் காணாம போகுது

இது தான் இருக்கிறதுலயே மோசமான கம்ப்ளைன்ட், ஏன்னா எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும். ஆரம்பத்துல ஒரு குறையும் தெரியாது, பாதி நிரம்பினதுக்கு அப்புறம் புதுசா போடுறது எல்லாம் கரப்ட் ஆகும், சில நேரம் பழசும் சேந்து போகும். கார்டு போலி. உள்ள 4 ஜிபி சிப்பை வச்சுட்டு 16 ஜிபின்னு பொய் சொல்ற மாதிரி கன்ட்ரோலரை மாத்தி வச்சிருப்பாங்க, செட்டும் நம்பும், கம்ப்யூட்டரும் நம்பும், நிஜமான இடம் முடிஞ்சதும் எழுதுறது எங்கயோ போகும். 2014ஓட பிஎஸ்பி வர்றது நின்னுடுச்சு, நல்ல மெமரி ஸ்டிக் கெடைக்கிறது குறைஞ்சு போச்சு, ஆனா புது பாக்கெட்ல பளபளன்னு இன்னும் வந்துக்கிட்டு தான் இருக்கு. நானும் ஒரு தடவை ஒரு கடையில 16 ஜிபின்னு வாங்கிட்டு வந்தேன், பாக்கெட், எழுத்து, ஹோலோகிராம் எல்லாம் அச்சு அசல். டெஸ்ட் பண்ணா கால்வாசி கூட நிஜம் இல்ல.

டெஸ்ட் எப்படின்னா, கார்டை காலி பண்ணிட்டு விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ், மேக்னா எஃப்3, ரெண்டும் ஃப்ரீ தான். கார்டு முழுக்க எழுதி, எழுதினதைத் திரும்பப் படிச்சு சரியா இருக்கான்னு பாக்கும். நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுட்டுப் படுத்துடுங்க. எந்தக் கார்டு வாங்கினாலும், யாரு குடுத்தாலும், ஒரு சேவ் போடுறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட் பண்ணிடுங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேக்கிறேன். என் கருத்துல இன்னைக்கு தேதிக்கு தெரியாத ஆள் கிட்ட மெமரி ஸ்டிக் வாங்குறதை விட, நல்ல கம்பெனி மைக்ரோ எஸ்டி 32 ஜிபி ஒண்ணும் ஒரு அடாப்டரும் வாங்குறது எவ்வளவோ மேல்.

ரெண்டு மைக்ரோ எஸ்டி போடுற அடாப்டர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதுல ரெண்டு கார்டும் சேந்து ஒரே கார்டா தான் வேலை செய்யும், டேட்டாவை பிரிச்சு பிரிச்சு ரெண்டுலயும் போடும். ஒண்ணை மட்டும் எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டா ஒண்ணும் புரியாது, கார்டு போச்சுன்னு ஃபார்மட் பண்ணிடாதீங்க. ரெண்டையும் எடுத்த இடத்துலயே, இடம் மாத்தாம வச்சு, அடாப்டரோட செட்லயே போட்டு யூஎஸ்பி வழியா காப்பி எடுங்க.

சின்ன சின்ன கம்ப்ளைன்டுங்க

படிக்குது ஆனா எழுத மாட்டேங்குதுன்னா பழைய டுவோ கார்டு சிலதுல பின்பக்கம் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஒரு லாக் பொத்தான் இருக்கும், பல்குச்சி முனையால தள்ளி விடுங்க.

யூஎஸ்பி போட்டா கம்ப்யூட்டர்ல வரலன்னா முதல்ல வயரை மாத்துங்க. மினி யூஎஸ்பி வயர்ல சார்ஜுக்கு மட்டும்னு ஒரு வகை இருக்கு, டேட்டா கம்பியே உள்ள இருக்காது. அதோட செட்டிங்ஸ்ல யூஎஸ்பி கனெக்‌ஷன் குடுத்தா தான் டிரைவா தெரியும். செட்ல கார்டு நல்லா தெரிஞ்சு கம்ப்யூட்டர்ல மட்டும் வரலன்னா ஸ்லாட் மேல சந்தேகப்பட வேண்டாம்.

தூங்க வச்சு எழுப்பினா மாட்டிக்கிட்டு நிக்குது, ஆனா ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியா வருதுன்னா பெரும்பாலும் அடாப்டர் தான், வேற அடாப்டர் மாத்திப் பாருங்க. அதுவரைக்கும் தூங்க வைக்கிறதுக்கு முன்னாடி சேவ் பண்ணிடுங்க.

கார்டு உள்ள மாட்டிக்கிச்சுன்னா இழுக்காதீங்க. இந்த ஸ்லாட் உள்ள அமுக்கினா தான் வெளிய விடும், அதனால முதல்ல நல்லா உள்ள அமுக்கி ஒரு நொடி வச்சு விடுங்க. அப்பவும் வரலன்னா அடாப்டரோட பிளாஸ்டிக் விளிம்பு உடைஞ்சு மாட்டியிருக்கலாம். இடுக்கியால புடிச்சு இழுத்தா அடாப்டரோட பின்னும் சேந்து வந்துடும், அந்த நெலமையில திறந்து எடுக்கிறது தான் பத்திரம்.

வேற கார்டும் வரல, ஒய்ஃபையும் வரல

எல்லாம் பாத்தாச்சு, நல்ல கார்டு போட்டாலும் வரலன்னா திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் இருக்கு, எனக்குப் பிடிச்ச டெஸ்ட் இது. 1000 மாடல்ல மெமரி ஸ்டிக் ஸ்லாட்டும் ஒய்ஃபையும் இடது பக்கம் ஒரே குட்டி போர்டுல உக்காந்திருக்கு, அங்க இருந்து ஒரு ஸ்ட்ரிப் மெயின் போர்டுக்கு போகுது. ஒய்ஃபை சுவிட்சை ஆன் பண்ணிட்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்ல போய் ஸ்கேன் குடுங்க. கனெக்ட் ஆகணும்னு அவசியம் இல்ல, ஏன்னா பிஎஸ்பில இருக்கிறது 802.11பிங்கிற பழைய ஒய்ஃபை தான், டபிள்யூபிஏ2ங்கிற பாஸ்வேர்டு பாதுகாப்பு முறை வேற அதுக்குத் தெரியாது, இப்போ வீட்டுல இருக்கிற ரவுட்டரோட ஒத்துப் போகாது. நம்ம வீடோ பக்கத்து வீடோ, ஏதாவது ஒரு பேரு லிஸ்ட்ல வந்தாப் போதும். பேரு வந்தா அந்த போர்டுக்கு பவர் போகுது, ஸ்ட்ரிப் பெரும்பாலும் நல்லா இருக்கு, தப்பு ஸ்லாட்ல, அதோட சோல்டர்லன்னு அர்த்தம். ஒண்ணுமே வரல, கார்டும் வரலன்னா ரெண்டும் தனித்தனியா ஒரே நேரத்துல கெட்டுப் போறது அபூர்வம், ஸ்ட்ரிப் கழண்டிருக்கான்னு தான் முதல்ல பாக்கணும். முன்னாடி யாராவது அனலாக் மாத்துறேன், ஸ்கிரீன் மாத்துறேன்னு திறந்த செட்டா இருந்தா சந்தேகமே வேண்டாம். புது ரவுட்டருங்க சிலது 802.11பியை முழுசா நிறுத்தி வச்சிருக்கும், அதனால லிஸ்ட் காலியா இருந்தா வேற இடத்துல கொண்டு போயும் ஒரு தடவை பாத்துடுங்க. இ1000ல ஒய்ஃபையே கிடையாது, அதுக்கு இந்த டெஸ்ட் ஆகாது.

திறக்கிறதுக்கு பிஎச்00 ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வேணும், சைஸ் தப்பா போட்டா ஸ்க்ரூ தலை வழுக்கிப் போயிடும். பேட்டரியை கழட்டுங்க, கார்டை வெளிய எடுங்க. பேட்டரி குழியில ஸ்டிக்கருக்கு அடியிலயும் ஸ்க்ரூ இருக்கும், அதை மறந்துட்டு முன்பக்கத்தை நெம்பினா கிளிப் உடையும். பேட்டரி உப்பியிருந்தா அதைத் திரும்பப் போடவே போடாதீங்க. ஒரு வெள்ளைத் தாள்ல செட்டு மாதிரி படம் போட்டு கழட்டுற ஸ்க்ரூவை அந்தந்த இடத்துலயே வைங்க, நீளம் வேற வேற இருக்கு. ஸ்கிரீனோட ஸ்ட்ரிப்புங்களுக்கு சின்ன லாக் இருக்கு, நகத்தால தூக்கி விட்டா தான் ஸ்ட்ரிப் வரும், இழுத்தா கிழியும், கிழிஞ்சா ஸ்கிரீன் மாத்தணும்.

ஸ்லாட்டு போர்டு தெரிஞ்சதும் எதையும் கழட்டாம முதல்ல ஸ்ட்ரிப்பை விரலால அமுக்கிப் பாருங்க. நான் பாத்த ஒரு செட்ல ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் மேல தூக்கிட்டு இருந்துச்சு, நேரா பாத்தா நல்லா உக்காந்திருக்கிற மாதிரி தான் தெரிஞ்சுது, பக்கவாட்டுல பாத்தப்போ தான் சாஞ்சிருக்கிறது தெரிஞ்சுது. கழட்டி, ரெண்டு பக்கமும் ஆல்கஹால் போட்டு துடைச்சு, திரும்ப நேரா உக்கார வச்சதும் கார்டும் வந்துச்சு ஒய்ஃபையும் வந்துச்சு. ஸ்ட்ரிப் நல்லா இருந்தா ஸ்லாட்டோட பத்து கால்லயும் லென்ஸ் வச்சுப் பாருங்க, சோல்டரை சுத்தி மயிரிழை மாதிரி வட்டமா வெடிப்பு தெரிஞ்சா அது ட்ரை சோல்டர். ஃப்ளக்ஸ் வச்சு மெல்லிசு முனை அயர்ன்ல ஒவ்வொரு காலா ஒரு தொடு தொட்டா போதும். கை நடுங்கினா இதுல இறங்காதீங்க, நல்ல மொபைல் சர்வீஸ் ஆள் கிட்ட குடுத்து இந்தப் பத்து கால் மட்டும் டச்சப் பண்ணிக் குடுங்கன்னு சொல்லுங்க, அவங்களுக்கு தினமும் பண்ற வேலை தான். ஸ்லாட்டுக்குள்ள பின்னே உடைஞ்சிருந்தா அதை நிமித்துறதுல நேரம் போக்காம போர்டையே மாத்திடலாம். வாங்கும்போது உங்க மாடல் நம்பர் பாத்து வாங்குங்க, 1000 போர்டு 2000, 3000க்கு பொருந்தாது.

எல்லா ஸ்க்ரூவையும் முறுக்குறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ போட்டு, பேட்டரி மாட்டி, கார்டைப் போட்டுப் பாருங்க. லைட் மினுக்கணும். அப்புறம் யூஎஸ்பி போட்டு ஒரு 300, 400 எம்பி ஃபைலை கார்டுக்கு அனுப்பி, அதே ஃபைலை திரும்ப கம்ப்யூட்டருக்கு எடுத்து ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு ஒப்பிட்டுப் பாருங்க. செட்டை சாய்ச்சு, இடது ஓரத்தை அமுக்கி, கார்டை வெளிய எடுத்து திரும்பப் போட்டு ஒரு பத்து தடவையாவது பாருங்க. பத்துல ஒரு தடவை வரலன்னாலும் மூடாதீங்க, திரும்ப ஸ்ட்ரிப்ல இருந்து ஆரம்பிங்க. பத்தும் வந்தா, எடுத்து வச்ச சேவ்டேட்டா ஃபோல்டரை கார்டுல போட்டுட்டு மீதி ஸ்க்ரூவை முறுக்கிடலாம்.